பிள்ளைகள் இறங்கும் சேற்றுக்கு எந்த மண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் பள்ளிகளிலும் கோடை முகாம்களிலும் ‘மட் ப்ளே’ என்ற பெயரில் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கி ஆடவிடும் வழக்கம் ஊருக்கு ஊர் பரவிவருகிறது. காற்றடைத்த ரப்பர் குளத்தை விரிக்கிறார்கள், நாலு சட்டி மண்ணைக் கொட்டுகிறார்கள், ஹோஸ் பைப்பைத் திருப்பிவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் விழா தயார். பிள்ளைகள் சேற்றில் புரள்வது நல்லது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. கையும் காலும் மண்ணின் பதத்தை அறிவது ஒரு படிப்பு. ஆனால் அந்த மண் எங்கிருந்து வந்தது, அதில் என்னென்ன கலந்திருந்தது, எப்போது ஊறப்போட்டது என்று கேட்பவர் இல்லை. ஒரு பானைக்குப் பிசையும் களிக்கே ஒரு வாரம் பாடுபடுகிறோம். பிள்ளைகள் முகம் வரை பூசிக்கொள்ளும் சேற்றுக்கு அரை மணி நேரம் போதாது. இதைப் பள்ளிகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பொதுவாக மண் வருவது மூன்று இடங்களிலிருந்து. முதலாவது, பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டும் மனையிலிருந்து வரும் ஒரு டிராக்டர் மண். இதில் ஆணி, கம்பித் துண்டு, டைல்ஸ் சில்லு, சிமென்ட் தூள் எல்லாம் இருக்கும். சிமென்ட் ஈரத்தில் தோலை அரிக்கும் பொருள். இரண்டாவது, நர்சரியில் வாங்கும் செம்மண் மூட்டை. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் செடிக்கென்று தொழுவுரம் கலந்த கலவையா, வெறும் செம்மண்ணா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். சாணம் கலந்த சேறு வாய்க்குள் போனால் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் கூடவே போகும். 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கால்நடைப் பண்ணை நிலமொன்றில் சேற்றுத் தடை ஓட்டம் நடந்தது. கலந்துகொண்டவர்களில் 22 பேருக்குக் கேம்பிலோபாக்டர் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தது. விசாரித்ததில், சேற்றுத் தண்ணீரை விழுங்கியதற்கும் நோய்க்கும் தொடர்பு இருந்தது தெரிந்தது. அவர்கள் பெரியவர்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் ‘வாயில் வைக்காதே’ என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

மூன்றாவது ஏரி, குளத்துக் கரம்பை, அதாவது அடியில் படிந்த வண்டல் மண். மூன்றில் இதுவே நல்ல மண், ஆனால் எந்தக் குளம் என்று பார்க்க வேண்டும். விநாயகர் சிலைகளைக் கரைக்கும் குளத்தின் மண் வேண்டவே வேண்டாம். பெயின்டிலிருந்த ஈயமும் பிற உலோகங்களும் வண்டலில்தான் தங்குகின்றன. சாக்கடை சேரும் குளமும், சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வந்த வாய்க்காலும் அப்படியே. பெருஞ்சாலை ஓரத்து மண்ணையும் ஒதுக்குங்கள். நல்ல குளமாகவே இருந்தாலும் மேல் மண்ணை எடுக்கக் கூடாது. இயற்கை மருத்துவத்தில் மண் பட்டி போடுபவர்கள் 3 அடி, 4 அடி ஆழத்து மண்ணையே எடுப்பார்கள். சாணம், புழு முட்டை, எலி மூத்திரம் எல்லாம் மேற்பரப்பில்தான் அதிகம் என்பதால் அது சரியான வழக்கம். குளத்து மண்ணை நினைத்தபடி வெட்டி எடுக்கவும் முடியாது, வட்டாட்சியர் அனுமதி வேண்டும். பள்ளிக்கு எளிய வழி, அனுமதியோடு மண் எடுத்து வைத்திருக்கும் மண்பாண்டத் தொழிலாளரிடம் விலைக்கு வாங்குவது. அவர் கண்ணும் கையும் பார்த்துத் தேர்ந்த மண் அது.

களிமண் எல்லாம் ஒன்றல்ல. சேற்றுக் குளத்துக்குப் பயன்படக்கூடியவை மூன்று வகை. ஒன்று, இப்போது சொன்ன பானைக் களி. களியும் வண்டலும் நுண்மணலும் கலந்தது. இரண்டாவது சைனா கிளே எனும் கயோலின், வெள்ளைக் களி. கேரளத்தில் கொல்லம், திருவனந்தபுரம் பக்கம் நிறைய எடுக்கிறார்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படிவத்தோடும் கிடைக்கிறது. மூன்றாவது பெண்டோனைட். குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பக்கத்திலிருந்து வருவது. போர்வெல் தோண்டுபவர்களுக்கும், எர்த்திங் குழி போடுபவர்களுக்கும் நன்கு தெரிந்த பொருள்.

இந்த மூன்றும் தண்ணீரோடு நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. கயோலின் துகள் தட்டுத் தட்டாக இருக்கும், தண்ணீர் அதன் வெளிப்புறத்தில் ஒட்டுமே தவிர உள்ளே புகாது. அதனால் உப்பாது. மிருதுவாகப் பாலேடு போல் வழுக்கும், தோலிலிருந்து சுலபமாகக் கழுவிப்போகும். ஆனால் சும்மா விட்டால் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிடும். பெண்டோனைட்டில் தண்ணீர் தட்டுகளுக்கு இடையே புகுந்து பிரித்துக்கொண்டே போகும். நல்ல சோடியம் பெண்டோனைட் உலர்ந்திருந்ததைப்போல் 10 மடங்குக்கும் மேல் உப்பும். 100 லிட்டர் தண்ணீருக்கு 6 கிலோ போட்டாலே கூழாகிவிடும். கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு விடாமல் இழுப்பதும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பதும் இதே குடும்பத்துக் களி அதில் நிறைய இருப்பதால்தான். கரிசலைக் குளத்துக்கு எடுக்க வேண்டாம். சிறு பிள்ளைகளின் கால் சிக்கிக்கொள்ளும், சுக்கான் கல்லும் அதில் கிடக்கும்.

என்னைக் கேட்டால், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மூட்டையில் வரும் கயோலினோடு கொஞ்சம் பெண்டோனைட் சேர்த்த சேறே நல்லது. இது ஆழத்தில் வெட்டி, தண்ணீரில் கழுவி, மணல் நீக்கி, உலர்த்தி அரைத்து வருவது. கிருமியே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் குளத்து மண்ணைவிட எவ்வளவோ மேல். கண்ணாடித் துண்டு, முள் என்ற பயம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்குப் பானைக் களியே அழகு. அதன் நிறமும் மணமும் வெள்ளைச் சேற்றுக்கு வராது.

முதலில் பானைக் களியை எடுத்துக்கொள்வோம். மண்ணைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடி போத்தலில் மூன்றில் ஒரு பங்கு பொடித்த மண், கழுத்து வரை தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் விழுவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை மெல்ல இறங்குவது களி. மணல் மட்டும் மொத்தப் படிவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மண் ஆகாது. அந்த மணலில் முட்டியிட்டுத் தவழும் பிள்ளைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தோல் சிவந்துவிடும். தண்ணீரின் மேல் கறுப்பாக மிதக்கும் வேர்த் தூசி, சருகு அதிகமிருந்தால் அந்தச் சேறு சீக்கிரம் நாறும்.

மண் தேறியதும் செய்யவேண்டிய முதல் வேலை, பலரும் தலைகீழாகச் செய்வது. ஈரக் கட்டியை அப்படியே தண்ணீரில் போடுகிறார்கள். ஈரக் கட்டி நாள்கணக்கில் கரையாது, வெளியே வழுவழுப்பாகி உள்ளே கல்போல் நிற்கும். அதையே வெயிலில் முழுக்கக் காயவைத்துப் போட்டால் கதையே வேறு. எலும்புபோல் காய்ந்த கட்டியை வாளித் தண்ணீரில் மெல்ல இறக்கிப் பாருங்கள். சர்ரென்று குமிழி கிளம்பும், ஓரம் பொலபொலவென்று உதிரும், சில நிமிடங்களில் கட்டி இருந்த இடத்தில் ஒரு குவியல்தான் இருக்கும். காய்ந்த மண்ணின் துளைகளுக்குள் தண்ணீர் பாய்ந்து, உள்ளிருக்கும் காற்று பிதுங்கி வெளியேறும்போது கட்டியை அதுவே உடைத்துவிடுகிறது. கை நோகப் பிசைய வேண்டியதில்லை. ஆகவே தார்ப்பாயில் இரண்டு அங்குலக் கனத்துக்கு மண்ணைப் பரப்பி, நாள் தோறும் புரட்டி, குறைந்தது ஒரு வாரம் சித்திரை, வைகாசி வெயிலில் காயவிடுங்கள். நாய், பூனை, கோழி ஏறாமல் காவல் வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமியும் கொக்கிப்புழுக் குஞ்சும் முழுக்கக் காய்ந்த மண்ணில் பிழைக்காது என்பது இதில் கிடைக்கும் பெரிய நன்மை. டெட்டனஸ் வித்துகள் மட்டும் உலர்த்தலுக்கும் வெயிலுக்கும் அசையாது, அதற்குத் தடுப்பூசிதான் காப்பு.

காய்ந்ததை மரக்கட்டையால் தட்டிப் பொடித்து, டிரம்மில் தண்ணீர் ஊற்றி, அதில் கொட்டி ஒரு நாள் ஊறவிட வேண்டும். மறுநாள் நிறையத் தண்ணீர் சேர்த்து மோர் பதத்துக்குக் கலக்குங்கள். கலக்கியதும் மெதுவாக முப்பது எண்ணும் நேரம் நிறுத்திவிட்டு, மேலே இருப்பதை மட்டும் இன்னொரு டிரம்மில் சாய்த்து ஊற்றுங்கள். மணலும் நத்தை ஓடும் அடியில் தங்கிவிடும். ஊற்றும் வாயில் நைலான் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டுவது கட்டாயம். நம் குளங்களில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அதன் முள் மண்ணோடு வரும். உடைந்த முள் நுனி மிதக்கவும் செய்யும், அடியில் படியவும் செய்யும், வலை ஒன்றுதான் பிடிக்கும். வடிகட்டிய சேற்றை ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்தால் அடியில் நிற்பது தயிர் பதத்துக் களி. இறுத்த தண்ணீரை அடுத்த கலவைக்கே பயன்படுத்தலாம்.

மூட்டைக் களிக்கு வேலை குறைவு, ஆனால் வாங்கும் இடத்தில் கவனம் அதிகம் வேண்டும். வெள்ளைப் பொடி எல்லாம் ஒரே கடையில், ஒரே மாதிரிச் சாக்கில் அடுக்கியிருக்கும். சைனா கிளேயும் இருக்கும், சுண்ணாம்புத் தூளும் இருக்கும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இருக்கும். மாறிப்போனால் விபரீதம். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், கனமாகக் கையைச் சுற்றி இறுகினால் தோல் வெந்துபோகும். வாங்கியதும் ஒரு டம்ளரில் இரண்டு கரண்டி பொடியைத் தண்ணீரில் குழைத்து அரை மணி நேரம் வையுங்கள். சூடேறினாலோ, இறுகினாலோ அது களி அல்ல. இன்னொரு கரண்டிப் பொடியில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சீமைச் சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கிறது. நல்ல கயோலின் இரண்டுக்கும் அசைந்துகொடுக்காது, விரலில் தேய்த்தால் பட்டுப்போல் வழுக்கும்.

செராமிக் கடையில் ‘ரெடி பாடி’ என்று விற்கும் கலவைக் களியைக் குளத்துக்கு வாங்கக் கூடாது. அதில் சூளைக்கென்று பல சரக்கு சேர்த்திருக்கும். வெடிக்காமல் இருக்கச் சுட்ட மண்ணின் கரகரப் பொடி போட்டிருப்பார்கள், அது கீறும். உப்புப் பூக்காமல் இருக்கச் சில சிவப்புக் களிகளில் பேரியம் கார்பனேட் சேர்ப்பதுண்டு, அது விஷம். அச்சில் ஊற்றும் களிக் கரைசலில் சோடியம் சிலிகேட் இருக்கும், தோல் எரியும். பெண்டோனைட்டிலும் வார்ப்பட ஆலைக்கு வருவதில் நிலக்கரித் தூள் கலந்திருக்கலாம், போர்வெல்லுக்கு வருவதில் சோடாவும் பாலிமரும் சேர்த்திருக்கலாம். பூனைக்குப் போடும் பெண்டோனைட் மணியில் வாசனைச் சரக்கு இருக்கும். ‘எதுவும் கலக்காத பொடி’ என்று கேட்டு, அதன் விவரத் தாளையும் வாங்கிக்கொள்வது நல்லது. விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

கலவை அளவு இது: 100 லிட்டர் தண்ணீருக்கு 40 கிலோ கயோலின், 3 கிலோ பெண்டோனைட். கிடைப்பது ஏறக்குறைய 116 லிட்டர் சேறு. 5 அடி விட்டமுள்ள வட்டக் குளத்தில் 4 அங்குல உயரத்துக்குச் சேறு வேண்டுமென்றால் சுமார் 180 லிட்டர் தேவை. அதற்கு 155 லிட்டர் தண்ணீர், 62 கிலோ கயோலின், நாலரை கிலோ பெண்டோனைட். மொத்தமாகக் கலக்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீரில் 400 கிராம், 30 கிராம் என்று போட்டு ஒரு நாள் ஊறவைத்துப் பதம் பாருங்கள். மூட்டைக்கு மூட்டை களியின் குணம் கொஞ்சம் மாறும்.

இதில் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் தோற்பது இங்கேதான். நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். அதிலுள்ள கால்சியம், பெண்டோனைட்டின் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அது உப்பாது, மணல்போல் அடியில் படிந்துவிடும். ‘பெண்டோனைட் போலி’ என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். குற்றம் தண்ணீருடையது. ஒரு லிட்டரில் 60 கிராம் பெண்டோனைட்டைத் தூவி மறுநாள் பாருங்கள். அசைத்தால் தளதளவென்று கூழாக ஆடினால் தண்ணீர் நல்லது. மேலே தெளிந்த நீரும் அடியில் படிவுமாக நின்றால் அந்தத் தண்ணீர் உதவாது. போர்வெல்காரர்கள் சலவைச் சோடா போட்டுச் சரிசெய்வார்கள், பிள்ளைகள் சேற்றில் அதைச் செய்ய வேண்டாம், காரம் கூடித் தோலை உலர்த்தும். பிடித்துவைத்த மழைநீரோ, சோப்பு நன்றாக நுரைக்கும் ஆற்றுக் குழாய்த் தண்ணீரோ போதும். எப்படியும் அது குடிக்கத்தக்க தண்ணீராக இருக்க வேண்டும்.

கலக்கும் முறைக்கு வருவோம். பொடியின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரின்மேல் பொடியைத் தூவ வேண்டும். பெண்டோனைட்டில் இது மிக முக்கியம். மாற்றிச் செய்தால், மேலே பட்ட ஈரத்தில் வெளிப்புறம் உடனே உப்பி அடைத்துக்கொள்ள, உள்ளே காய்ந்த மாவோடு கட்டி கட்டியாக நிற்கும். கோதுமை மாவில் அவசரமாகத் தண்ணீர் விட்டதுபோல. துடுப்பு மாட்டிய டிரில் இருந்தால், முந்தின நாள் மாலையே பெண்டோனைட்டை மட்டும் தண்ணீரில் தூவிக் கலக்கி இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கயோலினைச் சேர்க்கலாம். டிரில் இல்லையென்றால் கவலை வேண்டாம். காய்ந்த நிலையிலேயே பெண்டோனைட்டைப் பத்து மடங்கு கயோலினோடு நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். கயோலின் துகள் இடையில் நிற்பதால் கட்டி பிடிக்காது. அந்தக் கலவையைச் சல்லடையால் தண்ணீரின்மேல் தூவி, தானாக மூழ்கும்வரை கிளறாமல் விடுங்கள். மேலே சின்னத் தீவுபோல் காய்ந்த பொடி நிற்கும்போது தூவுவதை நிறுத்தி, அது நனைந்து இறங்கியபின் தொடருங்கள். பிறகு மீதிக் கயோலின். ஒரு நாள் ஊறியபின் கலக்கினால் கட்டியே இருக்காது. பொடியைக் கையாளும்போது பெரியவர்களுக்கு நல்ல முகக்கவசம் அவசியம். களித் தூசியில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலில் தங்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது. டிரம் எந்தச் சரக்கு வந்த டிரம் என்றும் பாருங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ வந்த நீல டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப வேண்டாம்.

பதம் சரியா என்று பார்க்க, உள்ளங்கையைச் சேற்றில் முக்கி நிமிர்த்திப் பிடியுங்கள். தோல் தெரியாமல் மூடி, விரல் நுனியிலிருந்து கெட்டித் தயிர்போல் சொட்டிச் சொட்டி விழ வேண்டும். ஓடிவிட்டால் தண்ணீர் அதிகம். சொட்டாமல் அப்படியே நின்றால் பிள்ளையின் கால் இழுபடும், தண்ணீர் சேருங்கள். மேலே தண்ணீர் தெளிந்து அடியில் கெட்டியாகப் படிந்தால் பெண்டோனைட் போதவில்லை அல்லது தண்ணீர் கடினம். பிசுபிசுப்பாக ஒட்டினால் பெண்டோனைட் கூடிவிட்டது, இன்னும் கயோலின் வேண்டும். கழுவிய கயோலின் சற்றுப் புளிப்புப் பக்கமும் பெண்டோனைட் காரப் பக்கமும் சாயும். பள்ளி ஆய்வகத்து பி.எச். தாளை முக்கிப் பார்த்து 6 முதல் 8-க்குள் இருந்தால் பிள்ளைகளை இறக்கலாம்.

குளம் எங்கே வைப்பது என்பதில் ஒரு பெரிய தவறு நடக்கிறது, மொட்டை மாடி. 4 அங்குலப் பானைக் களிச் சேறு ஒரு சதுர மீட்டரில் 150 கிலோவுக்கு மேல் கனக்கும். வீடுகளில் ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமையே அவ்வளவுதான். அதன்மேல் குதிக்கும் பிள்ளைகள் வேறு. தரையில், புல்லிலோ மண்ணிலோதான் வைக்க வேண்டும். காற்றடைத்த குளத்தின் சுவர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் செய்தது, சேறு அதைவிடக் கனம். பாதிக்கு மேல் நிரப்பினால் பக்கம் பிதுங்கும். பத்துப் பிள்ளைகள் என்றால் 10 அடிக்கு 8 அடி இடத்தில் இரண்டு வரிசை செங்கல்லைப் படுக்கவைத்து, உள்ளே பழைய சாக்கு விரித்து, அதன்மேல் கனமான தார்ப்பாயைச் செங்கல்லுக்கு வெளியே மடித்துவிட்டால் அருமையான குளம். செங்கல் 100 போதும். 4 அங்குலச் சேற்றுக்கு 750 லிட்டர் வேண்டும், அதாவது கயோலின் 50 கிலோ மூட்டை ஐந்துக்குச் சற்று மேல், பெண்டோனைட் 19 கிலோ. சுற்றிலும் தென்னை நார்ப் பாய் போடுங்கள். பெண்டோனைட் பட்ட சிமென்ட் தரையும் டைல்ஸும் எண்ணெய் கொட்டியதுபோல் வழுக்கும்.

‘கிருமி சாக’ என்று சேற்றில் டெட்டால், பிளீச்சிங் பவுடர், மஞ்சள், வேப்பிலை போடுகிறார்கள். நீச்சல் குளத்துக் குளோரின் தெளிந்த நீரில் வேலை செய்யும். சேற்றில் களியும் அழுக்கும் அதைத் தின்றுவிடும், துகளுக்குள் ஒளிந்த கிருமியை அது தொடாது. அளவைக் கூட்டினால் பிள்ளையின் தோலும் கண்ணும்தான் எரியும். மஞ்சளும் வேப்பிலையும் மனத்துக்கு ஆறுதல் தரலாம், காவல் அல்ல. நல்ல மண், நல்ல தண்ணீர், அன்றைக்கே கொட்டிவிடுவது, இவைதான் காவல். ஒரு நாள் ஆடிய சேற்றை மறுநாளுக்கு வைக்கவே கூடாது. வியர்வையும் சிறுநீரும் கலந்து, வெயிலில் புளித்து, அடியில் கறுத்து முட்டை நாற்றம் அடிக்கும்.

ஆடும் நாளில் காலை ஏழரை முதல் ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். காலில் கையில் ஆறாத புண், சிரங்கு, காதில் சீழ் உள்ள பிள்ளையை அன்று இறக்க வேண்டாம். ஐந்து, ஆறு வயதில் போடவேண்டிய டெட்டனஸையும் தடுக்கும் டி.பி.டி. ஊக்கத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பள்ளி முன்பே கேட்டுவைக்க வேண்டும். நான்கு அங்குலம்தானே என்று ஒரு கணமும் கண்ணை எடுக்கக் கூடாது. குப்புற விழுந்த சிறு பிள்ளைக்கு வழுக்கும் சேற்றில் கையூன்றி எழ வராது. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கட்டும். கண்ணில் சேறு பட்டால் தேய்க்கவிடாமல் சுத்தமான தண்ணீரைச் சொம்பில் மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். மழைக்காலத்தில் இந்த விளையாட்டே வேண்டாம். எலிக்காய்ச்சலும், ஈரமண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியும் அப்போதுதான் தலைதூக்கும். சேற்றில் ஆடி மூன்று, நான்கு வாரத்துக்குள் கடுங்காய்ச்சல் வந்தால், ‘சேற்றில் ஆடினான்’ என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாமல் சரியான பரிசோதனைக்கு அவர் போக நேரமாகும்.

சேறு உடம்பில் காயும் முன் கழுவ வேண்டும். காய்ந்தால் இறுகி ரோமத்தை இழுக்கும், பிள்ளை அழும். ஆடுமுன் கை கால்களில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவினால் சுலபமாகக் கழன்றுவரும். முதல் இரண்டு வாளிக் குளியல் செடி ஓரத்தில் நடக்கட்டும், குளியலறையில் அல்ல. களி போய்க் குழாய் வளைவில் படிந்தால் சிமென்ட்போல் அடைக்கும். குளத்துச் சேற்றையும் சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ திறந்துவிடக் கூடாது. பானைக் களிச் சேற்றை இரண்டு நாள் ஓரமாக டிரம்மில் நிறுத்தினால் தெளியும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கினால் இன்னும் சீக்கிரம் தெளியும். பெண்டோனைட் கலந்தது தானாகத் தெளியாது. உரக்கடை ஜிப்சத்தை ஒரு டிரம்முக்கு இரண்டு கைப்பிடி போட்டுக் கலக்கிவிட்டால் மறுநாள் படியும், போதவில்லை என்றால் இன்னொரு கைப்பிடி. மேல் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு, அடிச்சேற்றைத் தார்ப்பாயில் காயவைத்து, மணற்பாங்கான தென்னம்பாத்தியில் கொத்திவிடலாம். ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

இப்படிக்கு,
செராமிக் தொழில் சார்ந்த வாசகர்,
விருத்தாசலம்.